ஆரையம்பதியில் நான்கு நாள், இருநூறு தடவை

கார்ட் விளையாட்டுப் பயிற்சிக்காக மட்டக்களப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. சண்டை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்றில் செத்த வீட்டுக்குப் போனார்கள், அல்லது ஆள் தேடிப் போனார்கள். நான் இரண்டு கட்டுக் கார்ட், ஒரு கொப்பி, நேரம் பார்க்க ஒரு கைத்தொலைபேசி, நாலு நாளுக்கு உடுப்பு என்று ஒரு பையோடு வியாழக்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து கிளம்பினேன். கொழும்புக்கு வெளியே போய்ப் பயிற்சி செய்ய என்ன வழி, என்ன செலவு என்று கேட்டு ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இது. வழியையும் செலவையும் எழுதுவது சுலபம். பயிற்சியைப் பற்றி எழுதத்தான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு பத்தி. இது முன்னூற்று நாலு மாதிரிச் சாதாரணச் சீட்டாட்டம் இல்லை. ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே அமைத்துக்கொண்டு வருகிற விளையாட்டு. ஆயிரக்கணக்கான கார்ட்களிலிருந்து அறுபதைப் பொறுக்கி எடுப்பது பாதி வேலை. எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஐம்பது நிமிடம் குழம்பாமல் இருப்பது மீதி வேலை. கார்ட்களில் வீரர்கள், உழவர்கள், மிருகங்கள் என்று படம் இருக்கும். மோதலில் விழுந்த கார்ட் பக்கத்தில் ஒரு குவியலுக்குப் போகும். இந்தப் பருவத்தில் வந்த புதிய கார்ட்கள் சில, அந்தக் குவியலிலிருந்து விழுந்தவர்களைத் திரும்ப எடுத்து மேசையில் வைக்க விடுகின்றன. அந்த மீட்புக் கார்ட்களைப் போடாத கட்டு இந்த வருடம் எங்கேயும் வெல்லவில்லை.

என் கூட்டாளி சுதன். (எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.) இருபத்துநாலு வயது, ஆரையம்பதி. இரண்டு வருடத்துக்கு முன்னர் வெளிநாட்டு வேலை தேடி வந்து எங்கள் தெருவுக்கு அடுத்த லொட்ஜில் தங்கியிருந்தபோது, நாங்கள் சனிக்கிழமைகளில் விளையாடும் கடைக்கு வந்தான். முதல் நாளே என்னை வென்றான். அவன் முகத்தில் எதுவும் தெரியாது. கையில் நல்ல கார்ட் இருந்தாலும் அதே முகம், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே முகம். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "சுற்றிவளைப்புல தலையாட்டிக்கு முன்னால நிண்டு பாருங்க அக்கா, தானா வரும்" என்றான். முகமூடி போட்ட ஒருவர் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த வரிசையில் அவன் நாலு தடவை நின்றிருக்கிறான். வேலை சரிவராமல் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான்.

போட்டி கொழும்பில், இரண்டு வாரத்தில். இரண்டு பேர் கொண்ட அணிகள். முதலாவதாக வரும் அணிக்கு ஜப்பான் போட்டிக்கு விமான ரிக்கெட், கூடவே அழைப்புக் கடிதம். எனக்கு அது ஒரு விமானப் பயணம். அதற்கு முந்திய இரண்டு வருடமும் மூன்றாவதாக வந்த எரிச்சலும் இருந்தது, ஒளிக்கவில்லை. சுதனுக்கு அது வெளியே போகிற ஒரே கதவு. அவனுடைய தம்பியைப் பற்றி விசாரிக்க இரண்டு தரம் ஆட்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். மூன்றாந்தரம் வந்தால் தம்பியைப் பற்றிக் கேட்டுவிட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவனுடைய அம்மா பயந்தார். ஜப்பானுக்குப் போனால் அவன் திரும்பமாட்டான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

இனிப் பயணம். புறக்கோட்டையில் பஸ் காலை 5.45க்கு எடுத்தது. ரிக்கெட் 370 ரூபா, தூரம் முன்னூற்றுப் பதினைந்து கிலோமீற்றர், எடுத்த நேரம் பத்து மணி இருபது நிமிடம். ஐந்து இடத்தில் சோதனைக்காக இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபக்கம் ஏறினோம். புனாணையில் என் பையைத் திறந்த சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. கார்ட் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினான். சாத்திரம் சொல்கிற கட்டா என்று சிங்களத்தில் கேட்டான். விளையாட்டு என்றேன். நம்பாமல் தனக்கு ஒன்று எடுத்துச் சொல்லச் சொன்னான். பின்னால் நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள். நான் ஒன்றை இழுத்தேன், ஏர் மாட்டோடு நிற்கும் உழவன் வந்தான். ஊரில் தங்களுக்கும் வயல் இருக்கிறது என்று சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் கட்டு ஐம்பத்தொன்பதாகிவிட்டது. ஆகவே முதல் அறிவுரை: ஒவ்வொரு கட்டுக்கும் நாலு கார்ட் உபரியாகக் கொண்டுபோங்கள், உழவனையும் மாட்டையும் கூடுதலாக வையுங்கள்.

மட்டக்களப்பு நகரத்தில் இறங்கும்போது மாலை 4.05. அங்கிருந்து கல்முனை பஸ். கல்லடிப் பாலம் ஒற்றை வழி என்பதால் மறுபக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை பன்னிரண்டு நிமிடம் நின்றோம். காத்தான்குடி தாண்டினால் ஆரையம்பதி, 20 ரூபா. சுதன் சைக்கிளோடு சந்தியில் நின்றான். முதலில் என்னைக் கிராம சேவகர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், இன்ன அடையாள அட்டை இலக்கக்காரி இத்தனை நாள் தங்குகிறாள் என்று பதிய வைத்தான். லொட்ஜ் எடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் கவனிக்க: கொழும்பிலிருந்து தனியாக வரும் பெண்ணிடம் அங்கே கேட்கும் கேள்விகளுக்குப் பொலிஸ் பரவாயில்லை.

அவர்களுடையது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. இரண்டு அறை, கதவுக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் 47 என்று இலக்கம். பழைய வீடு கடல் பக்கம் இருந்தது, அங்கே இப்போது கிணற்றுக் கட்டு மட்டும் நிற்கிறது. அப்பாவும் கடைசித் தங்கையும் அந்த ஒரு காலையில் போனார்கள். சுவரில் மூன்று படம். அப்பா, தங்கை இருவருக்கும் மாலை போட்டிருந்தது. மூன்றாவது படம் பாடசாலை உடுப்பில் ஒரு பையன், மாலை இல்லை. அந்தப் படத்தின் ஆணியிலேயே ஒரு புது மாலை பொலித்தீன் பையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அது ரமணன், சுதனின் தம்பி. பதினாறு வயதில் ரியூசன் முடிந்து வரும் வழியில் ஆயுதத்தோடு வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், நான் எழுதப்போவதில்லை. மூன்று வருடமாகிறது. வாவிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கண்டதாகச் சொன்னார், பிறகு வடக்கே கொண்டுபோனதாகச் சொன்னார்கள், சண்டை முடிந்த பிறகு வந்த எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. அம்மா ஏறாத அரச கந்தோர் இல்லை. அதையெல்லாம் போன மாதம் நிறுத்திவிட்டு, சந்தைக்குப் போய் அந்த மாலையை வாங்கி வந்திருக்கிறார்.

"வாற அமாவாசைக்குப் போடுறதாச் சொல்லி இரிக்கா" என்று சுதன் மெதுவாகச் சொன்னான். "ஒருத்தன விட்டாத்தான் மத்தவன அனுப்ப மனசு வரும் எண்டு சொன்னா."

எனக்கு அது விளங்கியது என்றுதான் நினைத்தேன். விளங்கியிருந்தால் அடுத்த மூன்று நாள் நான் அப்படி நடந்திருக்கமாட்டேன். என் மூளையில் கட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். கட்டைப் பற்றிச் சுருக்கமாக: இருபத்துநாலு நிலம், இருபது வீரர்கள், எட்டு மீட்புக் கார்ட், மீதி எட்டு எதிராளியைப் பொறுத்து மாற்றிக்கொள்வது. மனப்பயிற்சிக்கு நான் எழுதி வைத்திருந்த விதிகள் சில உங்களுக்கும் உதவும். தோற்ற ஆட்டத்தைப் பற்றி அன்று மாலைவரை பேசக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் வெளியே போய் மூன்று நிமிடம் நடக்க வேண்டும். முதல் ஏழு கார்ட் மோசமாக வந்தால் அதை முகம் அறியாமல் மூச்சு மட்டும் அறிய வேண்டும். இதில் எதையும் சுதனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. ஒரே ஒரு கோளாறுதான். மீட்புக் கார்ட்டைப் போட்டுவிட்டுக் குவியலில் கை வைக்க வேண்டிய இடத்தில் அவன் கை நின்றுவிடும். கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தேன். பதினொரு விநாடி. பன்னிரண்டு. ஒரு தரம் பதினாலு. எதிராளிக்கு அதைவிட நல்ல அறிவித்தல் வேறென்ன வேண்டும்? சில இடத்தில் எடுக்காமலேயே விட்டுவிட்டு வேறு கார்ட் போட்டான், தோற்றான்.

"ஏன் நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பழக்கமில்ல அக்கா. நாளைக்கு யோகன்ட இடத்துக்குப் போவம். அவன்தான் பெட்டி வெச்சிரிக்கான். பாத்தா விளங்கும்."

சுதனின் பழைய நண்பன் யோகன் இப்போது கொக்கட்டிச்சோலையில் உழவு இயந்திரம் ஓட்டுகிறான். சனிக்கிழமை காலை மண்முனைத் துறைக்கு ஓட்டோவில் போனோம், 150 ரூபா. அங்கே வாவியைக் கடக்கிற மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். இரும்புத் தளம், அதன்மேல் மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, ஆடு, ஆட்கள் எல்லாம் ஏறலாம். ஆளுக்கு 10 ரூபா, கடக்கப் பதினைந்து நிமிடம், ஆனால் நிறைந்தால்தான் எடுப்பார்கள். நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். இரண்டு கரையிலும் இராணுவச் சென்றி, இரண்டிலும் ஒரே கேள்வி. தண்ணீர் அசையாமல் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னர்வரை இந்தத் தண்ணீர்தான் எல்லை, இந்தக் கரையில் ஒரு ஆட்சி, அந்தக் கரையில் ஒரு ஆட்சி. அந்தப் பக்கம் நெல் வட்டைகள் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தன. சில வயல்களைச் சுற்றி மிதிவெடி என்று சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். வீதியை விட்டு இறங்கவேண்டாம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன், இறங்காதீர்கள்.

யோகன் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே எண்ணூறு கார்ட்வரை இருக்கும், ஓரமெல்லாம் நைந்துபோய். சுனாமிக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஏழு மாதம் இருந்தார்கள். ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த நிவாரணப் பெட்டியைப் பிரித்தால் கம்பளிக் கோட்டு, உயர்ந்த குதிச் செருப்பு, அடியில் இந்தக் கார்ட்கள். விளையாட்டு விதி எழுதிய தாள் இல்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளை கார்ட்டில் உள்ளதை வாசித்துச் சொல்ல, மீதியைத் தாங்களே ஊகித்து விளையாடத் தொடங்கினார்கள். அவர்களுடைய விளையாட்டில் விழுந்த கார்ட் குப்புறக் கிடக்கும். அதை யாரும் புரட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

"ஏன் அப்பிடி ஒரு சட்டம்?" என்று கேட்டேன்.

"சட்டமெண்டு ஒருத்தரும் போடல்ல கா" என்றான் யோகன். "முதல்ல எடுத்தம். எடுக்கலாம் எண்டு இந்தப் பழைய கார்ட் ஒண்டு ரெண்டுலயும் எழுதித்தானே கிடக்கு. ஒரு நாள் நான் ஒரு வீரன எடுத்து வெச்சன். பக்கத்துல ஒரு ஆள் பாத்துக்கிட்டு நிண்டார். மூணு பிள்ளையும் கடலோட போன ஆள். ஒரு கதையும் பேசமாட்டார். அண்டைக்கு வந்து எல்லாத்தையும் தட்டி விட்டிட்டு, 'அப்ப என்ட மூண்டையும் எடுத்து வெய்யடா' எண்டார். நான் என்ன செய்ய? மறுகா ஒருத்தரும் எடுக்கல்ல."

அதன் பிறகு சுதனும் யோகனும் அவர்கள் முறையில் ஒரு ஆட்டம் விளையாடினார்கள். அழகாக விளையாடினார்கள். விழுந்தால் விழுந்ததுதான் என்பதால் ஒவ்வொரு கார்ட்டையும் அவ்வளவு யோசித்துப் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் கனத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதே நேரத்தில் கொப்பியில் இப்படிக் குறித்துக்கொண்டேன்: 'காரணம் தெரிந்தது. உடைக்கலாம்.' அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நான் வேலை செய்வது பொய்ப்பல் செய்யும் இடத்தில். ஒரு கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்கப் பழகுகிறவர் இருநூறு தடவை செதுக்கினால் அதன் பிறகு கை யோசிக்காது. எங்கள் முதலாளி எனக்கு அப்படித்தான் பழக்கினார். சுதனுக்கும் அதையே செய்தேன். சனி பின்னேரம் ஐம்பது, ஞாயிறு காலை, மத்தியானம், பின்னேரம் ஐம்பது ஐம்பதாக. மீட்புக் கார்ட்டைப் போடு, குவியலைப் புரட்டு, வீரனை எடு, மேசையில் வை. கை நிற்காமல் இருக்க, எடுக்கும்போது வாயாலும் சொல்லச் சொன்னேன். "திரும்பி வருது" என்று. அவன் முணுமுணுத்தான். சத்தமாகச் சொல், சத்தமாகச் சொன்னால்தான் மனதில் ஏறும் என்றேன். கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். அவன் தவறவிட்டால் நானே சொன்னேன், என் குரல் அவனுடையதைவிடப் பெரியது.

அது இரண்டு அறை வீடு. அம்மா வாசலில் சுளகை வைத்துக்கொண்டு வியாபாரி ஒருவருக்காக இறால் உடைத்துக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம், கோது ஒரு பக்கம். "திரும்பி வருது." "திரும்பி வருது." எண்பதாவது தடவை அளவில் இறால் உடைக்கும் சத்தம் நின்றிருந்தது. நான் கவனித்தேன். களைத்துப்போய் இருக்கிறார் என்று நினைத்தேன். மத்தியானம் சோறு போடும்போது மேசையில் கிடந்த வீரன் கார்ட்டை எடுத்துப் பார்த்தார். ஈட்டியோடு நிற்கும் மீசை முளைக்காத ஒரு முகம்.

"இவரு எத்தின தரம் வருவாரு, மகள்?" என்று என்னிடம் கேட்டார்.

"கணக்கில்லை அம்மா" என்றேன். "மீட்புக் கார்ட் கையில் இருக்கும்வரை வந்துகொண்டே இருப்பார்." அவர் கார்ட்டை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட்டு உள்ளே போனார். ஞாயிறு பின்னேரம் கடைசி ஐம்பது முடிந்தபோது சுதனின் நேரம் மூன்று விநாடி. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சந்திக் கடையில் ஐந்து ஐஸ்கிறீம் வாங்கி வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா வெளிக்கிட்டு நின்றார். நல்ல சேலை, கையில் பைல் கவர். உள்ளே ரமணனின் பிறப்புச் சான்றிதழ், பரீட்சை அனுமதி அட்டை, படம். ஆணியில் மாலையைக் காணவில்லை. பின் வளவு வீட்டில் போன கிழமை செத்த ஒருவரின் படத்துக்குக் கொடுத்துவிட்டாராம்.

"கிராம சேவகர்ட்ட கடிதம் எடுக்கப் போறன், மனே" என்று சுதனிடம் சொன்னார். "வவுனியாவுல முகாம் முகாமா சனத்த வெச்சிரிக்காங்களாம். பட்டியல்ல பேர் இல்லாட்டி? பிழையாப் பதிஞ்சிரிப்பாங்க. நாம போய்ப் பாக்கல்லயே."

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சீட்டத்தான் சொன்னீங்க எண்டு எனக்குத் தெரியும், மகள். நான் பைத்தியம் இல்ல. ரெண்டு நாளா இந்த வீட்டுக்குள்ள அந்தச் சொல்லு கேட்டிட்டு. அத வெச்சிக்கிட்டு என்னெண்டு நான் மாலை போடுற?"

அவர் போன பிறகு சுதன் உட்கார்ந்து கட்டைப் பிரித்தான். என்னிடம் இரவல் வாங்கிய கார்ட்களை ஒரு பக்கம், தன்னுடையதை ஒரு பக்கம். கை எங்கேயும் நிற்கவில்லை. "நான் வரல்ல அக்கா" என்றான். "நீங்க வேற ஆளப் பாருங்க."

"போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள வவுனியா போய் வரலாம்."

"போய் வாறது பிரச்சினை இல்ல. அவன் வருவான் எண்டு அம்மா இரிக்கக்குள்ள நான் எப்பிடிப் போற? வந்து அண்ணன் எங்க எண்டு கேட்டா அம்மா என்ன சொல்லுவா? தனிய விட்டிட்டுப் போயிட்டான் எண்டா?"

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஜப்பான், கடிதம், வீட்டுக்கு வந்து போன ஆட்கள், மூன்றாவதாக வந்த இரண்டு வருடம், மூன்று விநாடி எல்லாம் ஒன்றாகத் தலைக்கேறியது. "சுதன், அவன் வரமாட்டான்" என்று சொன்னேன். அதையும் சத்தமாகவே சொன்னேன்.

நிமிர்ந்தால் வாசலில் அம்மா நிற்கிறார். அடையாள அட்டையை மறந்துவிட்டு எடுக்க வந்திருந்தார். என்னைப் பார்த்தார். சுதனைப் பார்த்தார். அந்த முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. மகனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பஸ்ஸுக்கு நேரமாகிப் போடும் மகள்" என்றார். "இடியப்பம் அவிச்சு வெச்சிரிக்கன். சாப்பிட்டிட்டுப் போங்க." அட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

சாப்பிட்டேன். சாப்பிடாமல் போக எனக்குத் துணிவில்லை. 9.20 பஸ்ஸில் ஏறி, மட்டக்களப்பில் மாறி, இரவு எட்டரைக்கு முன்பே கொழும்பு. திரும்பும்போது சோதனை குறைவு, மூன்று இடம்தான். சுதன் சந்திவரை சைக்கிளில் பையைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டான். நல்லா விளையாடுங்க என்றான். அதை அவன் மனதாரச் சொன்னான் என்பதுதான் எனக்கு இன்றுவரை தாங்கமுடியாமல் இருக்கிறது.

போட்டிக்குப் போகாமல் விட்டேன் என்று எழுத ஆசைதான். போனேன். வெள்ளவத்தையில் ஒரு பையனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு போய் நான்காவது சுற்றில் தோற்றேன். வேறு யாரோ ஜப்பான் போனார்கள்.

அம்மாவும் மகனும் இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய் வந்துவிட்டார்கள். உள்ளே விடவில்லை. முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று படத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள்; அந்தப் பக்கத்துச் சனம் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டாந்தரம் போய் வந்த கிழமை, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டு ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது சுதன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போவதென்றால் எழுதிக் கேட்க வேண்டும். ஆளைத் தேடிப் போனதால் வந்த வினை. தேடவைத்தது நான்.

போக நினைப்பவர்களுக்கு: நாலு நாளுக்குச் சாப்பாடு தவிர்த்துப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 1,500 ரூபாவுக்குள் அடங்கும். விடியற்காலை பஸ்ஸே நல்லது. அடையாள அட்டையின் மூலப் பிரதி வேண்டும், போட்டோ பிரதி செல்லாது. கட்டின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டாம். பெயரும் இலக்கமுமாக அறுபது வரி உள்ள தாளுக்குச் சென்றியில் விளக்கம் சொல்ல முடியாது. மண்முனைப் 'பாதை'க்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். யோகன் விளையாடுவான்; அவன் முறையில் விளையாடுங்கள், உங்கள் முறையைக் காட்டிக்கொடுக்கப் போகாதீர்கள். யார் வீட்டிலாவது தங்கினால் வாய்க்குள் எண்ணுங்கள். நீங்கள் மேசையில் வைப்பது கார்ட்தான் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், அது போதாது.

போன ஞாயிறு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதற்காகத் தொலைபேசி எடுத்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அவரே எடுத்தார். விளையாட்டு என்ன மாதிரி என்று கேட்டார், தோற்றேன் என்றேன், பரவால்ல மகள் என்றார். மூன்றாந்தரம் போகக் கடிதத்துக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தச் சொல்லில் மன்னிப்புக் கேட்டாலும் அந்தப் பிள்ளை வரமாட்டான் என்று இன்னொரு தரம் சொல்வதாகத்தான் அது முடியும். "கவனமாப் போய் வாங்க அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.